காயலான் கடைக்குப் போகும் முன்

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அன்று காலை ஓடிக்கொண்டிருந்த எந்தக் கணினியும் மாலையில் நின்றுபோகவில்லை. கீபோர்டு, மானிட்டர், பெட்டிக்குள் இருந்த செயலி எல்லாம் நேற்றுப் போலவே வேலை செய்தன. ஆனாலும் உலகமெங்கும் அலுவலகங்களின் சொத்துப் பதிவேட்டில் அவை ஒரே நாளில் பழசாகிவிட்டன. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலி என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதற்கு முந்தையவை எவ்வளவு நன்றாக ஓடினாலும் வரிசைக்கு வெளியேதான். இந்த மாற்றத்தால் சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே மதிப்பிட்டிருந்தது.

நிறுவனங்களின் முன் இருக்கும் வழிகள் சில. பணம் கட்டி நீட்டிக்கப்பட்ட திருத்தங்களை வாங்கலாம். முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்த ஆண்டு அதன் இரட்டிப்பு, மூன்றாம் ஆண்டு அதற்கும் இரட்டிப்பு. மூன்றாண்டுக் கணக்கைக் கூட்டினால் 427 டாலர். புதுக் கணினியின் விலைக்கே பக்கத்தில் வந்துவிடுகிறது. அது கட்டுப்படியாகாது என்றால் எல்லாவற்றையும் கண்டம் செய்து ஏலம் விட்டுவிட்டுப் புதிது வாங்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு வழி நெடுநாளாக இருக்கிறது. பழைய பெட்டியைத் தின் கிளையன்ட்டாக, அதாவது வெறும் முனையமாக மாற்றிவிட்டு, வேலை அத்தனையையும் ஒரு சர்வரில் ஓட விடுவது. இது எங்கே பலிக்கிறது, எங்கே கையைக் கடிக்கிறது, யாருக்குப் பொருந்தும் என்று நிதானமாகப் பார்க்க வேண்டிய நேரம் இது.

அடிப்படை எளிமையானது. வேலை நடக்கும் இடம் ஒன்று, வேலை கண்ணுக்குத் தெரியும் இடம் இன்னொன்று. மேசையில் இருக்கும் பெட்டி, விசை தட்டுவதையும் மவுஸ் நகர்வதையும் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் தன்னிடம் ஓடும் டெஸ்க்டாப்பின் படத்தைத் திருப்பி அனுப்புகிறது. கோப்பு, மென்பொருள், நினைவகம் எல்லாம் அந்தப் பக்கம். இந்தப் பக்கத்துக்குத் தேவை படத்தை விரித்துக் காட்டும் திறன் மட்டும். பன்னிரண்டு வயதான அலுவலகக் கணினிக்கு அந்த வேலை பெரும் சுமை அல்ல.

யோசனையும் புதிதல்ல. பெரிய கணினி ஒன்றில் பலர் முனையம் வைத்து வேலை செய்த காலம் 1960களிலேயே இருந்தது. 1989இல் தொடங்கிய சிட்ரிக்ஸ் நிறுவனம், ஒரே விண்டோஸ் சர்வரைப் பலர் பகிரும்படி 1995இல் வின்ஃபிரேம் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. 1998இல் மைக்ரோசாஃப்டே என்.டி. 4.0 டெர்மினல் சர்வரை வெளியிட்டது. 1999இல் சன் நிறுவனத்தின் சன் ரே வந்தது. அதில் ஓர் அட்டையைச் செருகினால் உங்கள் டெஸ்க்டாப் திரையில் வரும். அட்டையை உருவிக்கொண்டு போய் வேறு அறையில் செருகினால், பாதியில் விட்ட வரியிலிருந்து தொடரலாம். அழகான ஏற்பாடு. சன்னை வாங்கிய ஆரக்கிள் பின்னாளில் அதைக் கைவிட்டது.

பழைய கணினியையே முனையமாக்கலாம் என்பதை மைக்ரோசாஃப்டும் இருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2006இல் எக்ஸ்பியின் அடிப்படையில் 'விண்டோஸ் ஃபண்டமென்டல்ஸ் ஃபார் லெகசி பிசிஸ்' என்ற மெலிந்த பதிப்பைத் தந்தது. 2011இல் விண்டோஸ் 7 அடிப்படையில் 'விண்டோஸ் தின் பிசி' வந்தது. இரண்டுமே சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்ற ஒப்பந்தத்தில் இருந்த நிறுவனங்களுக்கு மட்டும். இரண்டின் ஆயுளும் முடிந்துவிட்டது. இரண்டாவதற்கான ஆதரவு 2021 அக்டோபரில் நின்றது. அந்த இடத்தை இன்று வேறு சிலர் நிரப்புகிறார்கள். நியூயார்க்கின் நெவர்வேர் நிறுவனத்தை 2020 டிசம்பரில் வாங்கிய கூகுள், அதன் கிளவுட்ரெடி மென்பொருளை 2022இல் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் ஆக்கி இலவசமாகத் தருகிறது. ஜெர்மனியின் பிரெமன் நகரத்து இகெல் நிறுவனம் பல ஆண்டுகள் தின் கிளையன்ட் பெட்டிகளை விற்றுவந்தது. 2023இல் வன்பொருள் விற்பனையிலிருந்து விலகுவதாக அறிவித்து, எந்தக் கணினியையும் முனையமாக்கும் மென்பொருளிலேயே முழுக் கவனத்தையும் வைத்தது. பெட்டியை விற்றவரே பெட்டி முக்கியமில்லை என்று முடிவெடுத்தது இந்தத் துறையின் போக்கைக் காட்டுகிறது. திறந்த மூலத்தில் தின்ஸ்டேஷன் இருக்கிறது, எல்டிஎஸ்பி இருக்கிறது.

எல்டிஎஸ்பியின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய கணினியை முனையமாக்குவது எங்கே பலிக்கும் என்ற கேள்விக்கான விடையில் பாதி அதில்தான் இருக்கிறது.

லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட் என்பதன் சுருக்கம் எல்டிஎஸ்பி. அமெரிக்காவின் ஜிம் மெக்குவில்லன் 1999இல் தொடங்கிய திட்டம். ஹார்டு டிஸ்க்கே இல்லாத பழைய கணினி, சுவிட்சைப் போட்டதும் தன் நெட்வொர்க் கார்டு வழியாகச் சர்வரிடம் கேட்டு இயங்குதளத்தை இறக்கிக்கொள்ளும். பிஎக்ஸ்இ என்று அழைக்கப்படும் இந்த வசதி அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் இருக்கிறது. பயாஸ் அமைப்பில் அணைந்து கிடக்கும், அவ்வளவுதான். நார்வேயில் 2001இல் தொடங்கிய ஸ்கோலேலினக்ஸ் திட்டம் இதையே பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய கணினிகளை வரிசையாக அடுக்கி, மூலையில் ஒரு நல்ல சர்வரை வைத்தால் கணினிக் கூடம் தயார். அமெரிக்கப் பள்ளிகளிலும் இதே வழி பரவியது. ஃபுளோரிடாவின் லார்கோ நகராட்சி தன் ஊழியர்களை லினக்ஸ் சர்வர்களில் ஓடும் டெஸ்க்டாப்புகளில் பல ஆண்டுகள் வேலை செய்ய வைத்தது.

கடிதம் தட்டச்சு செய்தவரை எல்லாம் சரியாகவே போனது. பிறகு இணையத்தில் வீடியோ வந்தது. ஒரு சின்னக் கணக்கு: 1024க்கு 768 புள்ளிகள் கொண்ட திரை, புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 25 படங்கள். சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு சுமார் 470 மெகாபிட். அன்றைய பள்ளிகளின் உள் நெட்வொர்க் லைன் 100 மெகாபிட். ஒரே ஒரு மாணவர் முழுத் திரையில் வீடியோ பார்த்தாலே லைன் அடைத்துக்கொள்ளும். முப்பது பேர் பார்த்தால் சர்வரும் படுத்துவிடும். இத்தனைக்கும் மேசையில் இருந்த செயலி சும்மா உட்கார்ந்திருந்தது. வேலை செய்யக்கூடிய ஆளை வாசலில் நிறுத்திவிட்டு, ஒருவர் தலையிலேயே எல்லாச் சுமையையும் ஏற்றிய கதை அது.

ஆகவே எல்டிஎஸ்பி திசை மாறியது. கிரேக்கப் பள்ளிகளின் கணினிக் கூடங்களோடு நெருங்கிப் பழகிய ஆல்கிஸ் யோர்கோபுலோஸ் 2019இல் அதைப் புதிதாக எழுதினார். இயங்குதளம் சர்வரிலிருந்து வருகிறது, கோப்புகள் சர்வரில் இருக்கின்றன, ஆனால் பிரவுசரும் வீடியோவும் மேசையில் இருக்கும் கணினியின் சொந்தச் செயலியில் ஓடுகின்றன. பராமரிப்புக்கு ஓரிடம், உழைப்புக்குப் பல இடம். பழைய கணினியை வெறும் கண்ணாடியாக்கிவிடுவது சில வேளைகளில் அதன் மிச்ச பலத்தை வீணடிப்பதாகும் என்ற பாடத்தை எல்டிஎஸ்பி இருபது ஆண்டு அனுபவத்தில் கற்றது. சர்வரில் ஓடும் டெஸ்க்டாப்பை விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்ற பெயரில் விற்க வருபவர்கள் இதைச் சொல்வதில்லை.

அடுத்தது பணம். மேசையில் இருப்பது இலவசம் என்பதால் திட்டமே இலவசம் என்று கணக்குப் போடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு. செலவு மறையவில்லை, மேசையிலிருந்து சர்வர் அறைக்கு இடம் மாறியிருக்கிறது.

சர்வரில் இரண்டு விதமாகக் குடித்தனம் நடத்தலாம். ஒரே சர்வர் இயங்குதளத்தில் பலரும் தனித்தனி அமர்வாக நுழைவது ஒரு முறை. ஒரே வீட்டில் ஆளுக்கோர் அறை போல. ஒவ்வொருவருக்கும் முழுமையான மெய்நிகர் கணினி தருவது இன்னொரு முறை. ஆளுக்கொரு தனி வீடு. தனி வீட்டுக்கு 6 ஜிபி நினைவகம் என்று வைத்தால் 40 பேருக்கு 240 ஜிபி. சர்வரின் சொந்தத் தேவையையும் சேர்த்தால் 256 ஜிபி பொருத்த வேண்டும். அந்தச் சர்வர் ஒன்றே ஒன்றாக இருந்தால், அது படுக்கும் நாளில் 40 பேரும் கை கட்டி உட்கார வேண்டும். எனவே இரண்டு வேண்டும். யுபிஎஸ் வேண்டும், ஏசி வேண்டும், பேக்கப் வேண்டும், இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். பத்துப் பேர் இருக்கும் அலுவலகம் இந்த ஏற்பாட்டில் இறங்குவது வீண். ஐம்பதைத் தாண்டினால் கணக்கு மாறத் தொடங்குகிறது.

தொடக்க கால விர்ச்சுவல் டெஸ்க்டாப் திட்டங்கள் பலவற்றின் பெயரைக் கெடுத்தது காலை பத்து மணி. எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைவார்கள். நாற்பது விண்டோஸும் ஒரே நேரத்தில் டிஸ்க்கிடம் கை நீட்டும். சுழலும் ஹார்டு டிஸ்க் ஒன்று நொடிக்கு ஏறத்தாழ நூறு கோரிக்கைகளைத்தான் தாங்கும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஊழியர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். எஸ்எஸ்டி பல்லாயிரக்கணக்கான கோரிக்கைகளைத் தாங்கும் என்பதால் அந்த நோய்க்கு இன்று மருந்து இருக்கிறது. பழைய சர்வரில் பழைய டிஸ்க்கோடு இதைத் தொடங்குபவர்களுக்கு அந்த நோய் இன்றும் வரும். மேசையில் பழையது இருக்கலாம். சர்வர் அறையில் இருக்கக் கூடாது.

பலர் கடைசியில் கவனிப்பது உரிமம். பழைய கணினியிலிருந்து விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் முனையமாக்கினால் உரிமச் செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் சர்வரில் ஓடும் மெய்நிகர் விண்டோஸ் 10 அல்லது 11ஐ அப்படிப்பட்ட முனையத்திலிருந்து தொடுவதற்கு மைக்ரோசாஃப்ட் விடிஏ என்ற தனிச் சந்தா உரிமையைக் கேட்கிறது. நிறுவனப் பதிப்பின் சந்தா இருந்தால் அந்த உரிமை அதற்குள் அடங்கும். இல்லையென்றால் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். விண்டோஸ் சர்வரில் அமர்வு முறையில் நுழைவதற்கும் தலைக்கொரு அணுகல் உரிமம் உண்டு. இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிய அலுவலகங்கள் முட்டாள்தனம் செய்யவில்லை. மறுபக்கம், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 365 கிளவுட் கணினியைச் சந்தாவில் எடுப்பவர்கள் அதைத் தொடும் விண்டோஸ் 10 கணினிகளுக்குத் தனிக் கட்டணமின்றி நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம் என்று அந்நிறுவனமே அறிவித்தது. பழைய பெட்டி இருந்துவிட்டுப் போகட்டும், சந்தா வந்தால் போதும் என்ற கணக்கு அதில் தெளிவாகத் தெரிகிறது.

மின்சாரத்தைக் காட்டிப் புதிய தின் கிளையன்ட் விற்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அளவு முக்கியம். பழைய கணினி 60 வாட் இழுக்கிறது, புதுப் பெட்டி 10 வாட் என்று கொள்வோம். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்றால் ஒன்று 120 யூனிட், மற்றது 20 யூனிட். மிச்சம் 100 யூனிட். நூறு கணினிகளுக்கு 10,000 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்றால் 90,000 ரூபாய். புதுப் பெட்டி ஒன்று 20,000 ரூபாய் என்றால் நூறுக்கு 20 லட்சம். மின்கட்டண மிச்சத்தைக் கொண்டு அந்தப் பணத்தை மீட்க 22 ஆண்டுகள் பிடிக்கும். பழைய குழல் மானிட்டரும் பென்டியம் 4ம் இன்னும் ஓடும் இடமாக இருந்தால் மட்டும் கணக்கு தலைகீழ். அவற்றை அணைத்துவிடுவதே நல்லது.

கணினி பிறக்கும்போதே தின்றுவிட்ட வளத்தையும் பார்க்க வேண்டும். ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்துக்காக எரிக் வில்லியம்ஸ் செய்த ஆய்வு, மேசைக் கணினி ஒன்றையும் 17 அங்குல மானிட்டரையும் உருவாக்கக் குறைந்தது 240 கிலோ புதைபடிவ எரிபொருள், 22 கிலோ வேதிப்பொருள், 1,500 கிலோ தண்ணீர் செலவாவதாக 2000களின் தொடக்கத்தில் கணக்கிட்டது. 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். மீதியில் ஒரு பகுதி டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் வெறுங்கையால் உடைக்கப்படுகிறது, அமிலத்தில் ஊறுகிறது, எரிக்கப்படுகிறது. ஒரு கணினி இன்னும் நான்கு ஆண்டு மேசையில் இருப்பது என்பது அந்தப் புகை நான்கு ஆண்டு தள்ளிப்போவது. இதை அலுவலகச் செலவுக் கணக்கில் எழுத இடமில்லை என்பதற்காக இல்லாத ஒன்றாக நினைக்கக் கூடாது.

இனி, நடைமுறையில் எங்கே இடறும்?

முதலில் வீடியோ கூட்டம். பேசுபவரின் முகம் கேமராவிலிருந்து சர்வருக்குப் போய், அங்கிருந்து இணையத்துக்குப் போய், அதே வழியில் எதிர்முகம் திரும்பி வந்தால் குரல் பின்தங்கும், உதடு முன்னே ஓடும். இதைத் தவிர்க்க, படத்தையும் ஒலியையும் மட்டும் மேசைக் கணினியே நேராகக் கையாளும் ஏற்பாடுகள் பெரிய நிறுவனங்களின் மென்பொருளில் வந்துவிட்டன. ஆனால் அதற்கு மேசைக் கணினியில் தெம்பு வேண்டும். முனையம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் போதும் என்ற வாக்கு இங்கே பொய்த்துவிடுகிறது.

இரண்டாவது, யுஎஸ்பியில் செருகும் பொருள்கள். இந்திய அலுவலகம் என்றால் டெண்டருக்கும் கம்பெனிப் பதிவுகளுக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இருக்கும்; கைரேகைக் கருவி இருக்கும்; வங்கியில் பாஸ்புக் பிரின்டர் இருக்கும். இவை மேசையில் செருகப்படுகின்றன. இவற்றைத் தேடும் மென்பொருளோ சர்வரில் ஓடுகிறது. நடுவே பாலம் போட வழி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கருவியையும் அதன் டிரைவரோடு தனியே சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

தமிழில் தட்டச்சு செய்யும் அலுவலகங்களுக்கு இன்னொன்றும் உண்டு. முனையங்கள் பெரும்பாலும் எந்த விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணைத்தான் அனுப்புகின்றன, எந்த எழுத்து பிறந்தது என்பதை அல்ல. மேசைக் கணினியில் தமிழ் 99ஐ நிறுவிவிட்டுச் சர்வரில் நிறுவாமல் விட்டால் 'அ' தட்டும் இடத்தில் ஆங்கில எழுத்து வந்து நிற்கும். கீபோர்டு அமைப்பும் எழுத்துருவும் சர்வரில் இருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை; ஆனால் செய்யாவிட்டால் முதல் நாளே திட்டத்தின் மேல் ஊழியர்களுக்கு நம்பிக்கை போய்விடும்.

பாதுகாப்பில் இந்த முறைக்குப் பெரிய நன்மை இருக்கிறது. மேசைக் கணினி திருடு போனாலும் அதில் ஒரு கோப்பும் இல்லை. ஹார்டு டிஸ்க்கையே கழற்றிவிட்டால் பழுதாகும் பாகங்களில் முக்கியமான ஒன்றும் குறைகிறது. ஆனால் திருத்தம் நின்றுபோன விண்டோஸ் 7ஐ அப்படியே வைத்துக்கொண்டு அதிலிருந்து சர்வருக்குள் நுழைவது திறந்த வாசலில் பூட்டை மட்டும் தொங்கவிடுவதற்குச் சமம். அங்கே குடியேறிய தீங்குநிரல், தட்டும் கடவுச்சொல்லை விசை விசையாகப் படித்துக்கொள்ளும். பெட்டி பழையதாக இருக்கலாம், அதில் ஓடும் இயங்குதளம் புதிதாக இருந்தே ஆக வேண்டும்.

அப்படியானால் எந்தப் பெட்டியை வைத்துக்கொள்வது? 32 பிட் செயலியை விட்டுவிடலாம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, அந்தச் செயலிகளில் நேரடியாக நிறுவும் வசதியையே கைவிட்டது. குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் 4 ஜிபி நினைவகம் கேட்கிறது. 2010க்கு முந்தைய பாகங்களில் சரியாக ஓடாது என்று கூகுளே எச்சரிக்கிறது. பொதுவாக, 2011க்குப் பிந்தைய 64 பிட் கணினி, 4 ஜிபி நினைவகம், ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு என்றால் நம்பி இறங்கலாம். மூடியைத் திறந்து தூசியைத் தட்டி, மதர்போர்டில் மேல்பக்கம் உப்பிய கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பார்த்து, பயாஸ் பேட்டரியை மாற்றினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். கழற்றிய ஹார்டு டிஸ்க்குகளை முறையாக அழித்த பிறகே வெளியே விட வேண்டும்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. விர்ச்சுவல் டெஸ்க்டாப் தேவை என்று நினைக்கும் அலுவலகங்களில் பலவற்றுக்கு அது தேவையே இல்லை. அவர்களின் மின்னஞ்சல், கணக்கு, கோப்பு, விண்ணப்பம் எல்லாம் ஏற்கெனவே பிரவுசருக்குள் வந்துவிட்டன. பிரவுசர் மட்டும் போதும் என்றால் பழைய கணினியில் லினக்ஸையோ ஃப்ளெக்ஸையோ நிறுவினாலே வேலை முடிந்தது. சர்வரும் வேண்டாம், விடிஏ சந்தாவும் வேண்டாம். விண்டோஸில் மட்டுமே ஓடும் பழைய மென்பொருள், வெளியே போகவே கூடாத தரவு, ஒரே மேசையில் ஷிஃப்ட் ஷிஃப்டாக மாறும் ஊழியர்கள் என்று காரணம் இருக்கும் வங்கி, மருத்துவமனை, அழைப்பு மையம் போன்ற இடங்களில்தான் சர்வர் வழி தன் செலவுக்கு நியாயம் சொல்கிறது. அங்கேயும் மேசையில் புதுப் பெட்டி வாங்க அவசரம் இல்லை.

உங்கள் அலுவலகத்தில் ஏலப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தால், அதிலிருந்து ஒரே ஒரு கணினியை எடுத்து வையுங்கள். ஒரு பென் டிரைவில் ஃப்ளெக்ஸையோ ஒரு லினக்ஸையோ ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே இயக்குங்கள். கணினி மெதுவாக இருக்கிறது என்று அதிகம் குறை சொல்லும் பிரிவில், அவர்களுடைய டோக்கன், பிரின்டர், தமிழ்த் தட்டச்சு எல்லாவற்றோடும் பதினைந்து நாள் ஓட விடுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகு அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போடுங்கள்.